படிப்பதும் பார்ப்பதும் மட்டும் போதாதா?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். வயது இருபத்தெட்டு, திருநெல்வேலி டவுனில் ஒரு கூட்டுறவு நிறுவனத்தில் வேலை, போக வர பஸ்ஸில் தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல். அந்த நேரமெல்லாம் செல்போனில் கல்வெட்டு, பறவைகள், பழைய வில்லுப்பாட்டு என்று படிக்கிறீர்கள், பார்க்கிறீர்கள், கேட்கிறீர்கள். இத்தனை வருஷத்தில் ஒரு வரி எழுதியதில்லை, ஒரு வீடியோ போட்டதில்லை, பின்னூட்டம்கூட இட்டதில்லை, "அருமை" என்று போட்டு என்ன பயன் என்ற தயக்கம். கூடப் படித்தவர்கள் சிலர் சேனல் தொடங்கிவிட்டார்கள். "நீ பாத்துக்கிட்டே இரு, நாங்க சம்பாதிக்கோம்" என்கிறார்கள். "நான் இணையத்தைத் தப்பாகப் பயன்படுத்துகிறேனா அண்ணாச்சி? நானும் எதையாவது தொடங்கணுமா?" என்று முடித்திருக்கிறீர்கள்.

இரண்டு தடவை படித்தேன். சேனல் தொடங்க வழி கேட்கிற கேள்வியாக எனக்கு இது தெரியவில்லை. பிறர் உழைப்பை வாங்கிக்கொண்டே இருக்கிறோமே, திருப்பி ஒன்றும் கொடுக்கவில்லையே என்கிற உறுத்தல்தான் இதில் பெரிது. அதனோடு, வரவேண்டிய காசை விட்டுவிடுகிறோமோ என்கிற சந்தேகமும், இப்படியே பார்த்துக்கொண்டிருந்தால் மூளை மந்தமாகிவிடுமோ என்கிற பயமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இவற்றைப் பிரித்துப் பேசினால்தான் பதில் சொல்ல முடியும். நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் நீண்ட காலம் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது, பழைய நூல்களை இணையத்தில் இலவசமாகப் படிக்க வைக்கிற தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். வாசகர்களைக் கவனிப்பதே என் தொழிலாக இருந்தது, அதைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். மனநலமும் விளம்பர வியாபாரமும் என் துறைகள் அல்ல. அங்கே நான் சொல்வதைப் படித்துத் தெரிந்துகொண்டவன் பேச்சாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உறுதியானதைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் உங்களைப் போன்றவர்கள்தான் பெரும்பான்மை. இணையதளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்கிற ஜேக்கப் நீல்சன் 2006-இல் இதை 90-9-1 என்று ஒரு கணக்காக எழுதினார். நூறு பேரில் தொண்ணூறு பேர் பார்த்துவிட்டுப் போவார்கள், ஒன்பது பேர் எப்போதாவது ஏதாவது போடுவார்கள், பெரும்பகுதியை மிச்சமுள்ள அந்த ஒருவரே உண்டாக்குவார். இது பொதுவாகச் சொல்கிற விகிதம், இயற்கை விதி அல்ல. இடத்துக்கு இடம் மாறும். பிளேர் நொனெக்கி, ஜென்னி பிரீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-இல் மின்னஞ்சல் குழுக்களை எடுத்துப் பார்த்தார்கள். மென்பொருள் உதவிக் குழுக்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் வாயே திறக்காதவர்கள். நோயாளிகள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் குழுக்களில் அது பாதிக்கும் குறைவு. ஆக, பேசாமல் இருப்பது ஆளின் குணம் மட்டுமல்ல, இடத்தையும் பொறுத்தது. அவர்களே பிறகு இந்த மௌனிகளிடம் காரணம் கேட்டபோது வந்த முக்கியமான பதில், எழுத வேண்டிய தேவையே வரவில்லை என்பதுதான். தேடி வந்தது ஏற்கெனவே அங்கே இருந்தது, படித்தார்கள், போனார்கள். சும்மா இருப்பதே குழுவுக்குச் செய்கிற உதவி என்று நினைத்தவர்களும் உண்டு. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். சொல்வதற்கு ஒன்றும் இல்லாதபோது எல்லோரும் பேசினால் தேடி வருகிறவனுக்கு எதுவும் கிடைக்காது.

நூலக அறிவியலில் எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகள். புத்தகம் பயன்படுவதற்காக, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர். ஐந்திலும் வாசகரிடம் எந்த நிபந்தனையும் கிடையாது. படித்துவிட்டு நீ என்ன எழுதினாய் என்று நாங்கள் யாரையும் கேட்டதில்லை. எங்கள் நூலகத்துக்கு வெளியாராக அனுமதி வாங்கி வந்துகொண்டிருந்த மின்வாரியப் பணியாளர் ஒருவர் இருந்தார். குளங்கள், மடைகள், கால்வாய்கள் பற்றி நூலகத்தில் இருந்ததை எல்லாம் படித்தவர். ஒரு பக்கம்கூட எழுதியதில்லை. ஆனால் தாமிரபரணிப் பாசனம் பற்றி ஆய்வேடு எழுத வந்த மாணவர்களை நான் அவரிடம்தான் அனுப்புவேன். எந்தப் புத்தகத்தில் எது இருக்கிறது, எதில் தப்பு இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அவரை வெறும் நுகர்வோர் என்று என்னால் எண்ண முடிந்ததில்லை.

நம் சீமையில் இதற்கு இன்னும் பெரிய சான்று உண்டு. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார், 1882-இல் பிறந்து 1954-இல் மறைந்தவர். தென்காசிக் குடும்பம், சட்டம் படித்தவர். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டு முற்றத்தில் நண்பர்கள் கூடிக் கம்பனை வாசிப்பார்கள். அதுதான் வட்டத்தொட்டி. பிறகு அவர் குற்றாலத்தில் குடியிருந்தபோது அங்கேயும் அது தொடர்ந்தது. ராஜாஜி, கல்கி போன்றவர்கள் அவருடைய நெருங்கிய நண்பர்கள். கட்டுரைகளும் கடிதங்களும் எழுதியிருக்கிறார், அந்தக் கடிதங்களைத் தேடிப் படிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் தமிழ்நாடு அவரை நினைவில் வைத்திருப்பது அவர் எழுதியதற்காக அல்ல. ஒரு பாட்டை எடுத்து, நிறுத்தி, மறுபடி சொல்லி, எந்த இடத்தில் அது உயிர் பெறுகிறது என்று காட்டுவாராம். கேட்டவர்கள் அந்தப் பாட்டை வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் கவிதைகளைத் தமிழுலகம் கவனிக்கும்படி செய்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. கம்பராமாயணத்தில் பல பாடல்கள் கம்பன் பாடியவையே அல்ல என்று அவர் ஒதுக்கியதைப் புலவர்கள் ஏற்கவில்லை. அந்த விஷயத்தில் நானும் புலவர்கள் பக்கம்தான். ரசனை ஒன்றை மட்டும் வைத்து எது மூலப் பாடல், எது இல்லை என்று தீர்மானிக்கக் கூடாது. அது தனிப் பேச்சு. நம் ஊரில் ஒரு மனிதர் ரசிகர் என்ற தகுதியிலேயே ஒரு தலைமுறையின் வாசிப்பை மாற்றியிருக்கிறார். படிக்கிறவன் படைக்கிறவனுக்கு ஒரு படி கீழே என்று உங்களிடம் யாராவது சொன்னால், அதை இந்த ஊரில் நின்றுகொண்டு சொல்ல முடியாது என்பது என் எண்ணம்.

ஆனால் வட்டத்தொட்டிக்கும் உங்கள் பஸ் பயணத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அங்கே எந்தப் பாட்டைப் படிப்பது, எவ்வளவு நேரம் அதில் நிற்பது என்று படித்தவர்கள் முடிவு செய்தார்கள். செல்போனில் அந்த முடிவைப் பெரும்பாலும் தளம் எடுத்துவிடுகிறது. யூடியூப் 2012-இல் தன் பரிந்துரை முறையை மாற்றியது. எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முக்கியத்துவம் கொடுத்தது. அதன் பிறகு அந்த ஏற்பாட்டின் நோக்கமே உங்களை எழுந்து போகாமல் வைத்திருப்பதுதான். கல்யாணப் பந்தியில் இலையை மூடினால் பரிமாறுகிறவர் அடுத்த இலைக்குப் போய்விடுவார். இங்கே இலையை மூட வழியில்லாதபடி ஒன்று முடிவதற்குள் அடுத்தது விழுகிறது. பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன் 1971-லேயே இதைச் சொன்னார்: தகவல் பெருகப் பெருகக் கவனம் பஞ்சமாகிவிடும், ஏனென்றால் தகவல் தின்பது கவனத்தைத்தான். அதனால் நான் உங்களிடம் கேட்க நினைக்கிற கேள்வி, நீங்கள் ஏன் ஒன்றும் போடவில்லை என்பதல்ல. நேற்று பஸ்ஸில் பார்த்தவற்றில் எத்தனையை நீங்கள் தேடிப் போனீர்கள், எத்தனை தானாக வந்து நின்றவை? தேடிப் போனது அதிகம் என்றால் நீங்கள் வாசகர். தானாக வந்ததே அதிகம் என்றால் உங்கள் வாசிப்பை வேறொருவர் நடத்துகிறார். உங்கள் உறுத்தலில் பாதி அங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதைச் சரிசெய்வது அவ்வளவு கஷ்டமில்லை. யூடியூபில் பார்த்த வரலாற்றை நிறுத்திவைத்துப் பழையதையும் அழித்துவிடலாம். 2023 ஆகஸ்டிலிருந்து அப்படிச் செய்தவர்களுக்கு முகப்புப் பக்கத்தில் பரிந்துரைகளே வராமல் வெறுமையாக இருக்கும்படி செய்திருக்கிறார்கள். அதன் பிறகு சந்தா செய்த சேனல்களின் பக்கத்துக்கு மட்டும் போங்கள், அங்கே புதியவை வந்த வரிசையில் இருக்கும். பார்க்க நினைப்பதைக் காலையில் வீட்டிலேயே தேர்ந்தெடுத்துச் சேமித்துக்கொண்டு பஸ் ஏறுங்கள். வீரவநல்லூர் தாண்டுவதற்குள் வித்தியாசம் தெரியும்.

காசு விஷயம். யூடியூபில் விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு கடைசி 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் வீடியோக்களுக்கு 1 கோடி பார்வைகள் வந்திருக்க வேண்டும். 4,000 மணி நேரம் என்பது 2,40,000 நிமிஷம். உங்கள் கல்வெட்டு வீடியோவை ஒருவர் சராசரியாக ஆறு நிமிஷம் பார்க்கிறார் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஒரு வருஷத்துக்குள் 40,000 தடவை பார்க்கப்பட வேண்டும். அதற்குப் பிறகுதான் பங்கு தொடங்குகிறது: நீண்ட வீடியோக்களின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம், ஷார்ட்ஸில் 45 சதவீதம். அது எவ்வளவு ரூபாயாக வரும் என்பது பார்ப்பவர் எந்த நாடு, என்ன விஷயம், எந்த மாதம் என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். உங்கள் நண்பர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். எடுப்பது, வெட்டுவது, ஒலி சேர்ப்பது எல்லாம் முழு வேலை. சம்பளத்துக்குப் பதிலாக ஆகும் என்று நம்பி இறங்குவதைத்தான் வேண்டாம் என்பேன். அதோடு, வெளி வருமானத்துக்கு முன் அனுமதி வாங்க வேண்டுமா என்று உங்கள் பணி விதிகளைப் பாருங்கள். இது பலருக்குப் பிறகுதான் தெரிய வருகிறது. எல்லோரும் கிரியேட்டர் ஆகுங்கள் என்கிற பேச்சு பெரும்பாலும் தளங்களிடமிருந்து வருவது என்பதையும் நினைவில் வையுங்கள். சம்பளம் கொடுக்காமல் சரக்கு வந்து குவிந்தால் அவர்களுக்கு லாபம்.

மூளை மந்தமாகுமா என்பதில் உறுதியாகப் பேச முடியாது. சும்மா பார்த்துக்கொண்டிருப்பது மனதுக்குக் கெடுதல், நாமும் பங்கேற்றால் நல்லது என்று ஒரு கருத்து பல வருஷமாகச் சொல்லப்படுகிறது. 2015-இல் வந்த ஓர் ஆய்வு, பேஸ்புக்கைச் சும்மா பார்த்தவர்களின் மனநிலை பிறகு இறங்கியதாகவும் அதற்குப் பொறாமை ஒரு காரணம் என்றும் சொன்னது. பிறகு இப்படிப்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தவர்களுக்கு முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. சிலருக்குக் கெடுதல், சிலருக்கு ஒன்றுமில்லை, சிலருக்கு நன்மை. அந்த ஆய்வுகளில் பல, தெரிந்தவர்களின் கல்யாணப் படமும் கார் படமும் பார்ப்பதைப் பற்றியவை. ஆதிச்சநல்லூர்த் தாழியைப் பற்றி நீங்கள் படிப்பதற்கு அதை அப்படியே பொருத்துவது சரியல்ல. உங்களுக்குத் தூக்கம் கெடுகிறது, வேலை கெடுகிறது, விட நினைத்தும் விட முடியவில்லை என்றால் அது வேறு, ஒரு மருத்துவரிடம் பேச வேண்டும். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை.

மறதியைப் பற்றியானால் இதைவிட உறுதியாகச் சொல்லலாம். ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, ஒரு தடவை படித்துவிட்டு மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. நூலகத்தில் நான் கண்டதும் அதுதான். கையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்த மாணவர்கள் வேறு மாதிரி வளர்ந்தார்கள். உங்களுக்கு நான் சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள யோசனை இதுதான். டவுனில் இறங்குவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் செல்போனைப் பையில் போட்டுவிட்டு, இன்றைக்கு என்ன படித்தேன் என்று மூன்று வரி எழுதுங்கள். எழுதப் பிடிக்கவில்லை என்றால் ராத்திரி வீட்டில் யாரிடமாவது சொல்லுங்கள். ஊருக்குக் காட்ட வேண்டியதில்லை. அதை யாரும் படிக்கப்போவதில்லை என்பதால் தரம் பற்றிய கவலையும் இல்லை.

இனி அந்த உறுத்தல். தளத்துக்கு நீங்கள் எதுவும் கடன்பட்டிருக்கவில்லை. விளம்பரம் பார்த்தீர்கள், நேரம் கொடுத்தீர்கள், எதைப் பார்த்தீர்கள் என்ற தகவலையும் கொடுத்தீர்கள். அந்தக் கணக்கு நேராகிவிட்டது. ஆனால் விலையில்லாமல், விளம்பரமில்லாமல் உங்களுக்குக் கிடைக்கிற ஒரு பகுதி இருக்கிறது. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. பல நாடுகளில் இருந்த தமிழர்கள் வேலை முடிந்து வந்து, பழைய நூல்களைத் தட்டச்சு செய்து, இன்னொருவர் சரிபார்த்து, இலவசமாக ஏற்றினார்கள். சங்க இலக்கியத்தை இன்று செல்போனில் தேடிப் படிக்க முடிவதில் அவர்களுடைய உழைப்பு இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கி இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளுடன் நிற்கிறது. அதில் தொடர்ந்து கை வைக்கிறவர்கள் சில நூறு பேர்தான். படிக்கிற கூட்டத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய கூட்டம். ஆங்கிலத்தில் ஒருவர் கடைசி வரை வாசகராகவே இருந்துவிட்டால் எந்தக் குறையும் தெரியாது, அங்கே ஆள் நிறைய. தமிழில் ஆள் குறைவு, அது தெரிகிறது. இதை உங்கள் மேல் கடமையாக ஏற்ற எனக்கு உரிமை இல்லை. ஆனால் உறுத்தல் இருக்கிறது என்று நீங்களே சொல்வதால், வாசகராக இருந்தபடியே செய்யக்கூடியது எது என்று காட்டுகிறேன்.

நான் செய்கிற வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். விக்கிமூலத்தில் நாட்டுடைமையான நூல்கள் ஆயிரக்கணக்கில் படப் பக்கங்களாக ஏற்றப்பட்டிருக்கின்றன. திரையில் ஒரு பக்கம் அச்சுப் பக்கத்தின் படம், மறுபக்கம் ஓசிஆர் மென்பொருள் படித்துக் கொடுத்த எழுத்து. மென்பொருள் ர-வையும் துணைக்காலையும் குழப்பும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சென்றால் பழைய ணா, றா, னா வடிவங்களிலும், யானைத் தும்பிக்கை போலச் சுழி போட்ட பழைய ணை, லை-யிலும் தடுமாறும். படத்தைப் பார்த்து எழுத்தைத் திருத்த வேண்டும். திருத்தாத பக்கம் சிவப்பு, ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் மஞ்சள், வேறொருவர் சரிபார்த்தால் பச்சை. ஒருவரே இரண்டும் செய்யக் கூடாது. இதற்கு எழுத்துத் திறமை வேண்டியதில்லை, கேமரா வேண்டியதில்லை, முகம் காட்ட வேண்டியதில்லை. கவனமாகப் படிக்கத் தெரிந்தால் போதும். நீங்கள் ஏற்கெனவே செய்வது அதுதான். நெல்லை வழக்குச் சொல் வருகிற பக்கங்களில் நம் பக்கத்து ஆள் இல்லாவிட்டால் சரியான சொல்லையே தப்பு என்று நினைத்து மாற்றிவிடுகிறார்கள். ஒரு பக்கத்துக்குப் பதினைந்து நிமிஷம் ஆகலாம். பஸ்ஸில் முடியாது, கண் வலிக்கும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில், பெரிய திரை இருந்தால் நல்லது.

பறவை பார்க்கிறேன் என்றீர்கள். அதற்கும் வழி உண்டு. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் ஜனவரி வாக்கில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011-இலிருந்து நடந்துவருகிறது. ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் மணிமுத்தாறு மையம் அதை நடத்துகிறது, தன்னார்வலர்கள் சேரலாம். 2015-இலிருந்து பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் இருக்கிறது. வீட்டுப் பக்கத்துக் குளத்தங்கரையில் கால் மணி நேரம் நின்று, பார்த்த பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் இ-பேர்ட் தளத்தில் பதிந்தால் போதும். நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் உங்களுக்கு அடையாளம் தெரியுமென்றால் தொடங்கிவிடலாம். தெரியாத பறவையை ஊகித்து எழுதாதீர்கள். விட்டுப்போன பறவையைவிடத் தப்பாகப் பதிந்த பறவை ஆய்வைக் கெடுக்கும். ஊர்த் தகவலிலும் வேலை இருக்கிறது. தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. அதற்கு முன் எழுதி அப்படியே விடப்பட்ட பக்கங்களில் அந்தப் பகுதி ஊர்கள் இன்னும் திருநெல்வேலி மாவட்டமாகவே கிடக்கின்றன. கண்ணில் படுகிறபோது ஒரு சொல்லை மாற்றினால் அதுவே பெரிய உதவி.

எதுவும் செய்யாமல் இருப்பதே பெரிய காரியமாக இருக்கிற சந்தர்ப்பமும் உண்டு. 2023 டிசம்பர் வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை, திருவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்ற ரயில், ஜங்ஷன் முழுக்கத் தண்ணீர். அந்த இரண்டு மூன்று நாளில் எனக்கு வந்த காணொளிகளில் வேறு ஆண்டு, வேறு ஊர் வெள்ளங்களும் இருந்தன. அணை உடைந்துவிட்டது என்று ஒரு குரல் பதிவும் வந்தது. அதைக் கேட்டு ராத்திரியில் வயதானவர்களை வீட்டைவிட்டுக் கிளப்பியவர்கள் உண்டு. வாட்ஸப் 2018-இல் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்படுத்தியது. ஆனால் ஐந்து ஐந்தாகப் போனாலும் அது ஊர் முழுக்கப் பரவத்தான் செய்யும். எந்த ஊர், எந்த நாள், யார் எடுத்தது என்று தெரியாத எதையும் மேலே அனுப்பாத ஒரு வாசகர் அந்த ராத்திரியில் பத்துச் சேனல்களைவிட ஊருக்கு அதிகம் உதவினார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்படியானால் எழுதவே வேண்டாமா என்று கேட்பீர்கள். எழுத வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதற்கு எனக்குத் தெரிந்த அடையாளம் ஒன்றுதான். ஒரு விஷயத்தைத் தேடுகிறீர்கள், எங்கேயும் இல்லை, ஆனால் உங்களுக்குத் தெரியும். அல்லது எல்லா இடத்திலும் ஒரே தப்பு இருக்கிறது, சரியானது உங்களிடம் இருக்கிறது. அப்போது எழுதுங்கள், நீளம் பற்றிக் கவலைப்படாதீர்கள். அது வராதவரை, மற்றவர்கள் ஏற்கெனவே நன்றாகச் சொன்னதைக் குறைந்த தரத்தில் திரும்பச் சொல்வதற்காக ஒரு சேனல் வேண்டியதில்லை.

கடைசியாக, பின்னூட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். "நன்று", "அருமை" என்று போடுவதால் என்ன பயன் என்ற தயக்கம் நியாயமானது. ஆனால் நீங்கள் கேட்கிற அந்த வில்லுப்பாட்டுப் பதிவுகளில் போட வேண்டிய பின்னூட்டம் வேறு. கோயில் கொடை விழாவில் யாரோ கேசட்டில் பிடித்ததை யாரோ ஏற்றியிருக்கிறார்கள். தலைப்பில் "பழைய வில்லுப்பாட்டு" என்று மட்டும் இருக்கிறது. பாடியவர் பெயர் இல்லை, ஊர் இல்லை, கோயில் இல்லை, ஆண்டு இல்லை. நூலகர் கண்ணில் அது பாதி தொலைந்த பதிவு. முத்துப்பட்டன் கதை என்றால் அது உங்கள் மலையடிவாரத்துக் கதை. பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயனாக அவனைக் கும்பிடுகிறார்கள். பாடும் குரலையும் பின்பாட்டுக்காரர்களையும் அடையாளம் சொல்லக்கூடிய வயதானவர்கள் அம்பாசமுத்திரத்திலும் கல்லிடைக்குறிச்சியிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போட்டுக் காட்டுங்கள். தெரிந்ததைத் தெரிந்ததாகவும், கேள்விப்பட்டதை "இன்னார் சொன்னது" என்றும் பிரித்து எழுதுங்கள்: புலவர் யார், குடம் அடித்தது யார், எந்த ஊர்க் கொடை, எந்த வருஷம் வாக்கில், எந்தக் கதையின் எந்தப் பகுதி. பாடியவர் குடும்பம் உயிரோடு இருக்கிறது என்றால் அவர்கள் பெயரைப் பொதுவில் போடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்றியவர் அந்தத் தகவலை விவரப் பகுதியில் சேர்த்துவிட்டால், பிறகு தேடி வருகிறவர் கையில் அது கிடைக்கும். உங்களுக்குப் பிடித்த பதிவு ஒன்றின் சுட்டியை இங்கே கீழே போடுங்கள், எனக்குத் தெரிந்த அளவில் நானும் கேட்டுச் சொல்கிறேன்.